மேடையில் குறத்தி, வாசலில் யார்?

திருக்குற்றாலக் குறவஞ்சியை நடத்தும்போதெல்லாம் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டியிருக்கிறது. வசந்தவல்லிக்குக் குறி சொல்லும் சிங்கியை, ராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வரும் என் மாணவிகள் ஊசிமணி பாசிமணி விற்கும் பெண்ணாகவே நினைத்துக்கொள்கிறார்கள். சினிமா அப்படிப் பழக்கியிருக்கிறது. ‘ஒளிவிளக்கு’ (1968) படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் அந்த வேடத்தில் ஆடியதைத் தமிழ்நாடே ரசித்தது.

சிங்கி தமிழ் பேசும் மலைக்குறத்தி. நரிக்குறவர்களோ தங்களை வாகிரி என்று சொல்லிக்கொள்பவர்கள். அவர்கள் வீட்டில் பேசுவது குஜராத்திக்கு உறவான வாகிரிபோலி. தனி எழுத்தில்லாத அந்த மொழி தாயின் வாய்வழியாகத்தான் பிள்ளைக்குப் போகிறது. இரு சமூகங்களையும் ஒரே ‘குறத்தி’யாக்கி ஆடவிட்ட நம் ரசனை, இருவரையுமே அறிந்துகொள்ளவில்லை.

2023 மார்ச்சில் கோயம்பேட்டில் ஒரு திரையரங்கில், கையில் டிக்கெட் இருந்தும் ஒரு நரிக்குறவர் குடும்பம் வாசலில் நிறுத்தப்பட்டது. படத்துக்கு யு/ஏ சான்றிதழ், குழந்தைகள் இருந்தார்கள் என்று விளக்கம் வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு உள்ளே விட்டார்கள். திரையில் அந்த உடைக்குக் கைதட்டல். வாசலில் அதே உடைக்குத் தடை.

அரசின் கணக்கு வேறு. பழங்குடியைத் தீர்மானிக்க 1965இல் லோக்கூர் குழு வகுத்த அளவுகோல்களில் தனித்த பண்பாடும், வெளிச் சமூகத்தோடு பழகக் கூச்சமும் உண்டு. அதே குழு நரிக்குறவர்களைப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் சேர்த்தது 2022 டிசம்பரில். கூட்டத்துக்குள் கூவி விற்றுப் பிழைப்பவள் சான்றிதழுக்காகக் கூச்சமுள்ளவளாகத் தெரிய வேண்டும். அவள் மகளோ பள்ளியில் வாகிரி என்று தெரியாதபடி இருக்க வேண்டும். ஓரிடத்தில் அடையாளத்தைக் காட்டு என்கிறோம், மற்றோரிடத்தில் மறை என்கிறோம்.

இந்த இரண்டையும் சுமப்பவள் பெண். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்த பிறகு, குடும்பம் பெரிதும் பாசிமணியை நம்பியிருக்கிறது. குறவஞ்சியின் முடிவில், குறி சொல்லிப் பெற்ற நகைகளைப் பற்றிச் சிங்கன் கேள்விமேல் கேள்வி கேட்கிறான். நாம் அதை நகைச்சுவையாக நடத்துகிறோம். உழைத்துச் சம்பாதித்தவள் கணக்குச் சொல்ல வேண்டிய இடம் அது.

‘பொதுச் சமூகத்தில் கலந்துவிட்டால் தீர்ந்தது’ என்பவர்கள் ஸ்விட்சர்லாந்தைப் பார்க்கலாம். யெனிஷ் என்னும் நாடோடி மக்களை ‘நிலையாக வாழவைக்க’, 1926 முதல் 1973 வரை ப்ரோ யுவென்டூட் என்ற அறக்கட்டளை அரசின் துணையோடு சுமார் 600 குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது. அப்படிப் பிரிக்கப்பட்டவர்களில் ஒருவர் எழுத்தாளர் மரியெல்லா மேர். அவர் தாயானபோது அவருடைய மகனும் பறிக்கப்பட்டான். அது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது 2025இல்தான்.

இங்கே பிள்ளையை யாரும் பறிக்கவில்லை. ஆனால் தாய்மொழியைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்கிறோம். தொடக்க வகுப்பில் வாகிரிபோலி தெரிந்த ஓர் ஆசிரியை இருந்தால் அந்தப் பிள்ளை தமிழையும் பயமில்லாமல் கற்கும். பழங்குடிச் சான்றிதழோடு படித்து வரும் வாகிரிப் பெண்களுக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம். குறவஞ்சியை அவர்களில் ஒருத்தி நடத்தும் நாளில், சிங்கியின் நகைக்கணக்கை வகுப்பு வேறுவிதமாகக் கேட்கும்.