துளசிப் பூவில் ஒரு வேட்டைக்காரி

துளசி பூத்திருந்தால் வெயில் ஏறும்வரை அதன் எதிரே நின்றுவிடுவேன். வருவாள் அந்தக் கறுப்புக் குளவி: உடலெங்கும் மயிர், சிறகு நுனியில் நுண்சுருக்கங்கள், அதில் நீலப் பளபளப்பு. ஸ்கோலியா குடும்பத்துப் பெண். அவளுக்குத் தேன் போதும், இறைச்சி பிள்ளைக்கு.

அதைத் தேடி, முள்கால்களால் மண்ணைக் கிளறி இறங்குகிறாள். வேரைக் கடிக்கும் வெள்ளைப்புழுவை இருட்டிலேயே கண்டுபிடித்து, கொட்டி அசையாமல் செய்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டையை ஒட்டுகிறாள். புழு சாகாது, அதனால் அழுகாது. குஞ்சு வெளியிலிருந்தே தலையை நுழைத்து, உயிர்நிலைகளைக் கடைசிக்கு ஒதுக்கித் தின்னும். பிரெஞ்சு நாட்டுப் பூச்சியியலாளர் ஃபாபர் இதைப் பொறுமையாகப் பார்த்து எழுதினார். எனக்கு இன்னும் மலைப்புத் தீரவில்லை.

தின்று முடித்த பிறகு குஞ்சு மண்ணுக்குள்ளேயே கூடு பின்னிக்கொள்ளும். ஆண்கள் முந்தி வெளிவந்து, தரையை ஒட்டித் தாழப் பறந்தபடி பெண்களுக்குக் காத்திருக்கும்.