அயல்மொழி பேசும் ஆவி

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே வரும் சாலை பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளையை அடைந்ததும் பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறிவிடும், மண் மாறுவதில்லை. அங்குள்ள சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடுவதைக் காணலாம். 1956 நவம்பர் 1ஆம் நாள் கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கல்குளம் வட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையோ, தமிழ்நாட்டு மண்ணில் இருந்தவாறே இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. ஃபாசில் இயக்கத்தில் 1993இல் வெளிவந்த ‘மணிச்சித்ரத்தாழ்’ என்னும் மலையாளப் படத்தின் காட்சிகள் பல, இவ்வரண்மனையிலும் திருப்பூணித்துறை அரண்மனையிலும் எடுக்கப்பெற்றன. இரு மொழிகளுக்கிடையே நிகழும் அக்கதைக்கு இதனினும் பொருத்தமான களம் வாய்த்திருக்க முடியாது.

கதையை எழுதியவர் மது முட்டம். கணவனுடன் அவனது பழைய தறவாட்டு வீட்டிற்கு வரும் கங்கை, பூட்டிக் கிடந்த தெற்குக்கட்டைத் திறக்கிறாள். முன்னொரு காலத்தில் தஞ்சையிலிருந்து கொணரப்பெற்று, அவ்வீட்டுத் தலைவனால் கொலையுண்ட நாகவல்லி என்னும் ஆடல் மகளாகத் தன்னையே உணரத் தலைப்படுகிறாள். படத்தில் பேயுருவம் ஏதும் நம்மை அச்சுறுத்துவதில்லை. ஒரு பெண்ணின் முகம் மாறுகிறது; மொழி மாறுகிறது. அவ்வளவே. மலையாள மனைவி திடீரெனத் தமிழில் சீறும் அக்கணமே அச்சத்தின் உச்சம்.

இம்மாற்றத்தைப் படைத்தோர் அதற்கு எத்துணை உழைத்தனர் என்பது எண்ணத்தக்கது. கங்கைக்குக் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி. நாகவல்லியின் தமிழுக்குக் குரல் தந்தவர் துர்கா. எம். ஜி. ராதாகிருஷ்ணன் இசையமைத்த ஆடற்பாடலில் மலையாள வரிகள் பிச்சு திருமலையுடையவை. தமிழ் வரிகள் கவிஞர் வாலியுடையவை. இரு குரல்களையும் ஓருடலில் தாங்கிய ஷோபனா, சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். அது தகுதியான பரிசே.

குறையும் உண்டு. இது மனநோயே என்று மருத்துவர் விளக்குகிறார். எனினும் அந்நோய் தீர்வது மந்திரச் சடங்கின் மேடையில்தான். அறிவியலையும் அச்சத்தையும் ஒருங்கே விற்க முனைந்த தடுமாற்றம் இது.

‘நம் தாய்மொழியைப் பேயின் மொழியாக்கிவிட்டனரே!’ என்று தமிழர் சினங்கொள்ளலாம். ஆயின், 2005இல் இக்கதை ‘சந்திரமுகி’யாகத் தமிழுக்கு வந்தபோது நாம் செய்ததென்ன? ஆவியைத் தெலுங்கு பேச வைத்தோம். 2007இல் இந்திக்குச் சென்றபோது அது வங்காளம் பேசிற்று. ஆக, எல்லா வீடுகளிலும் பூட்டிய அறைக்குள் இருப்பவர் அண்டை வீட்டாரே. இதனை நாம் பெருமையாகக் கொள்ளுதல் இயலாது.

எனினும் மலையாள மூலத்தில் ஓர் அறம் இருக்கிறது. நாகவல்லி தீயவள் அல்லள், தீங்கிழைக்கப்பட்டவள். அவள் தமிழ், நீதி கேட்கும் தமிழ்.

புலம்பெயர்ந்து வாழும் நாம் கருத வேண்டிய செய்தி மற்றொன்று. கங்கையின் நோய்க்கு வித்திட்டது நாகவல்லி அன்று. பெற்றோர் கல்கத்தா சென்றுவிட, பாட்டியின் மடியில் வளர்ந்த சிறுமி அவள். பின்னொரு நாள் அம்மடியிலிருந்து அவளைப் பறித்துச் செல்ல முற்பட்டபோதே அவள் மனம் முதன்முதலாக உடைந்தது. பிழைப்பின் பொருட்டுப் பிள்ளையை ஊரில் விட்டுவந்தவர் நம்முள் எத்தனை பேர்! பின்னர் அழைத்துவந்து, புதுமொழி பேசும் பள்ளியில் சேர்த்து, ‘பழகிக்கொள்வான்’ என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டவர் எத்தனை பேர்! பிள்ளை பழகிக்கொள்ளும்; ஐயமில்லை. ஆனால் அதன் துயரம் எம்மொழியில் பேசுகிறது என்பதை நாம் செவிகொடுத்துக் கேட்டதுண்டா? அக்கதவைச் சாவி கொண்டு நாமே திறத்தல் நன்று. காலம் கடந்தால், வேறொரு குரல் அதனை உள்ளிருந்து திறக்கக்கூடும்.