அப்பாவின் பாட்டு நல்ல பாட்டுதான்

ஜோன் எய்க்கனைப் பற்றி எதை எடுத்துப் படித்தாலும், முதல் வரியிலேயே அப்பா வந்து உட்கார்ந்துகொள்கிறார். 'கவிஞர் கான்ராட் எய்க்கனின் மகள்.' சாதாரண அப்பா இல்லைதான். 1930ல் கவிதைக்குப் புலிட்சர் வாங்கியவர், ஹார்வர்டில் டி.எஸ்.எலியட்டின் நண்பர், மால்கம் லவ்ரிக்கு ஆசான் மாதிரி இருந்தவர். ஆனால் மகள் எழுதிய சிறுவர் நாவல்களுக்குள் நுழைய இந்தச் சாவி உதவுமா? பெரும்பாலும் உதவாது என்றுதான் நினைக்கிறேன். ஒரே ஒரு கதவைத் தவிர.

ஜோன் 1924ல் இங்கிலாந்தின் ரை என்ற சிற்றூரில், மெர்மெய்ட் தெருவில் பிறந்தார். அவருக்கு ஐந்து வயது இருக்கும்போது பெற்றோர் பிரிந்தார்கள். அம்மா ஜெஸ்ஸி அடுத்து மணந்துகொண்டது மார்ட்டின் ஆம்ஸ்ட்ராங்கை. அவரும் எழுத்தாளர்! பன்னிரண்டு வயதுவரை ஜோன் பள்ளிக்கூடமே போகவில்லை, அம்மாதான் வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பரம்பரை, ரத்தம் என்று பேசுகிறவர்கள் இந்த வருடங்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஒரு குழந்தைக்குக் கதை ஊறுவது யார் பக்கத்தில் இருந்தார்களோ அவர்களிடமிருந்துதானே?

அப்புறம் பணம். 1955ல் கணவர் ரொனால்ட் பிரவுன் இறந்துபோனார். கையில் இரண்டு சின்னக் குழந்தைகள். 'ஆர்கோசி' பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார், சிறுகதைகளை எழுதித் தள்ளினார். கணவர் நோயில் விழுந்தபோது பாதியில் நின்ற ஒரு நாவலைப் பிறகு தூசு தட்டி எடுத்து முடித்தார். அதுதான் 1962ல் வந்த 'தி வுல்வ்ஸ் ஆஃப் வில்லோபி சேஸ்'. சுரங்கப் பாதை வழியாக ஐரோப்பாவிலிருந்து ஓநாய்கள் நுழைந்துவிட்ட ஒரு கற்பனை இங்கிலாந்து. பெற்றோர் கப்பல் ஏறிப் போகிறார்கள், கொடுமைக்காரி ஆசிரியை வீட்டைப் பிடித்துக்கொள்கிறாள், பெண் பிள்ளைகள் இருவர் தப்பித்து, வாத்து மேய்க்கும் பையனோடு லண்டன்வரை போகிறார்கள். பெரியவர்கள் வருவார்கள் என்று காத்திருக்காமல் கிளம்பிவிடுகிறார்கள் பாருங்கள், எனக்குப் பிடித்தது அதுதான்.

இப்போது அந்த ஒரு கதவு. இதே வரிசையில் 1964ல் வந்தது 'பிளாக் ஹார்ட்ஸ் இன் பாட்டர்சி'. அதில்தான் டைடோ ட்வைட் அறிமுகமாகிறாள். அழுக்கு உடை, துடுக்கு வாய், வீட்டில் யாரும் கண்டுகொள்ளாத பிள்ளை. அவளுடைய அப்பா ஊதுகுழல் வாசிப்பவர், பாட்டுக் கட்டுபவர், ராஜாவுக்கு எதிரான சதிக் கூட்டத்திலும் ஒருவர். முதல் புத்தகத்தில் அவர் ஓரமாக வந்துபோகிற ஆள்தான். 1986ல் 'டைடோ அண்ட் பா' நாவலில் நடுவில் வந்து நின்றுவிடுகிறார்.

அந்த மனிதரின் மெட்டுகள் அபாரம். தெருவில் போகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர் வாசித்தால் நோயாளியான பிரபுவுக்கு வலி அடங்குகிறது. அதே மனிதர் மகளைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்துகிறார், மற்றபடி அவள் இருக்கிறாளா இல்லையா என்றுகூடப் பார்ப்பதில்லை. சுற்றிலும் லண்டனில் படுக்க இடமில்லாத பிள்ளைகள், காசு கொடுத்துக் கயிற்றில் சாய்ந்து தூங்குகிறார்கள். அப்பாவுக்கு அதெல்லாம் கண்ணில் படுவதே இல்லை. இவ்வளவு நல்ல பாட்டு இப்படிப்பட்ட ஆளிடமிருந்து எப்படி வருகிறது என்பதுதான் டைடோவுக்கு ஆறாத கேள்வி.

'அப்போ இவர்தான் கான்ராட்' என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கான்ராட் கதை வேறு. பதினோரு வயதில், தன் அப்பா அம்மாவைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்ட வீட்டிலிருந்து வந்தவர் அவர். ட்வைட் மாதிரி அயோக்கியர் இல்லை. ஆனால் கலைஞனான அப்பா, தூரத்தில் இருக்கும் அப்பா என்றால் என்ன என்று தெரிந்த ஒருவரால்தான் இந்த நாவலை இவ்வளவு நிதானமாக எழுத முடியும் என்று தோன்றுகிறது. கான்ராட் இறந்து பதிமூன்று வருடம் கழித்து வந்த புத்தகம் இது. சிறுவர் கதைகளில் வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும். கெட்டவனின் கலை போலி என்று தெரியவரும், இல்லை அவன் திருந்திவிடுவான். ஜோன் இரண்டையும் செய்யவில்லை. அவர் பாட்டைக் குறைத்தும் சொல்லவில்லை, ஆளை மன்னிக்கவும் இல்லை.

குறையும் உண்டு. சதித்திட்டம் ரொம்பச் சிக்கல், நடுவில் ஐம்பது பக்கம் எனக்கு இழுவையாக இருந்தது. படிக்க நினைப்பவர்கள் 'பாட்டர்சி'யை முதலில் படித்துவிடுங்கள். அங்கே டைடோவைப் பார்க்காமல் நேராக இதற்கு வந்தால், அப்பா செய்வது நமக்கு அவ்வளவாக வலிக்காது.