தீப்பெட்டியின் விலாவில் கிரேக்கம்

சிவகாசித் தீப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லேபிள் படத்தை விட்டுவிடலாம். அதன் அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பெட்டியின் இரண்டு விலாவிலும் குச்சியை உரசுவதற்காக மருந்து பூசியிருக்கிறதே, அந்தப் பட்டையைப் பாருங்கள். அதில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். பள்ளிக்கூடத்தில் அதை ஒரு தனிமம் என்று மட்டும் படித்துவிட்டு வந்துவிட்டோம்.

கிரேக்கத்தில் ‘ஃபோஸ்’ என்றால் ஒளி. ‘ஃபோரோஸ்’ என்றால் சுமந்து வருவது. விடியலுக்கு முன்னால் எழும் வெள்ளிக்குத்தான் கிரேக்கர்கள் முதலில் இந்தப் பெயரை வைத்தார்கள். இருட்டில் தானாக ஒளிர்ந்த தனிமத்துக்கு அது பிறகு வந்தது. முன்பாதியின் உறவுக்காரர்களை நமக்குத் தெரியும்: ஃபோட்டோ, ஃபோட்டான், ஃபோட்டோசிந்தசிஸ். பின்பாதியின் உறவுதான் சுவாரசியம். இலக்கியத் திறனாய்வில் வரிக்கு வரி வரும் மெட்டஃபர் அந்த வழியில் வந்தது. ஒரு பொருளின் பெயரைத் தூக்கிக்கொண்டுபோய் இன்னொன்றின் மேல் இறக்குவது! சுற்றளவையும் விளிம்பையும் சொல்லும் பெரிஃபெரியும் அங்கிருந்தே வருகிறது. கவிதை வகுப்பில் மிரட்டுகிற சொல்லுக்குச் சொந்தக்காரன் அடுப்பங்கரை அலமாரியில் இருக்கிறான்.

லத்தீன்காரர்கள் அதே வெள்ளிக்கு, அதே பொருளில், தங்கள் மொழியில் லூசிஃபர் என்று பெயர் வைத்தார்கள். ‘லூக்ஸ்’ ஒளி, ‘ஃபெர்’ சுமப்பது. சாத்தானுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது தனிக்கதை. 1830-ஐ ஒட்டி லண்டனில் உரசினால் பற்றும் குச்சிகள் கடைக்கு வந்தபோது அவற்றுக்கு இட்ட பெயரும் லூசிஃபர்தான். அந்த ‘ஃபெர்’ கல்விசார் ஆங்கிலத்தில் ஓய்வில்லாமல் உழைக்கிறது. டிரான்ஸ்ஃபர் என்றால் அக்கரைக்குச் சுமப்பது. கான்ஃபர் என்றால் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்ப்பது. கான்ஃபரன்ஸ் அதன் பிள்ளை. இன்ஃபர் என்றால் சான்றுகளிலிருந்து ஒரு முடிவைக் கொண்டுவருவது. விருதுநகர் மாதிரி வானம் பார்த்த மாவட்டத்தின் நிலத்தடி நீரைப் பற்றிப் படிப்பவர்கள் அக்விஃபர் என்ற சொல்லைத் தாண்டிப்போகவே முடியாது. நீரைச் சுமக்கும் அடுக்கு அது. பொருள் இவ்வளவு வெளிப்படையாக இருக்கிறது. நாம்தான் அதை மனப்பாடப் பட்டியலில் ஒரு எண்ணாக்கி வைத்திருக்கிறோம்.

பட்டியல் என்றதும் ஒரு வரலாற்று இணைப்பு நினைவுக்கு வருகிறது. சிவகாசியிலிருந்து அய்யநாடாரும் சண்முகநாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க 1922-இல் கல்கத்தா போனார்கள். அதே பத்தாண்டில், அதே வங்கத்தில், டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வங்காளப் பிள்ளைக்கு ஆங்கிலம் பேசுவதைவிட வாசிக்கத் தெரிவதுதான் முதல் தேவை, அதற்கு எந்தச் சொற்கள் முதலில் வேண்டும் என்ற கணக்கு. 1953-இல் வெளிவந்த அவருடைய சுமார் 2,000 சொற்களின் பட்டியல் அந்த வழியில் விளைந்தது. அந்த 2,000-ஐ ஒதுக்கிவிட்டு, பல்கலைக்கழக நூல்களில் துறை பேதமின்றித் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களை நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்தார். ஒரு கல்விசார் நூலில் பத்துச் சொல்லுக்கு ஒன்று இந்தக் குடும்பங்களைச் சேர்ந்தது என்பது அவர் கண்ட கணக்கு. டிரான்ஸ்ஃபர், கான்ஃபர், இன்ஃபர் மூன்றும் அதில் உண்டு.

இனி பட்டாசுப் பக்கம் வருவோம். குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்து வெடிபொருள் செய்யக் கூடாது என்று 1992-இல் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. லேசான உரசலுக்கே வெடித்துவிடும் சேர்க்கை அது. சட்ட ஆங்கிலம் வறட்டு ஆங்கிலம் என்பவர்கள் அந்த ஆணையை நிதானமாகப் படிக்க வேண்டும். மிக்ஸ்சர் என்று எழுதினாலே விஷயம் முடிந்திருக்கும். எழுதியவர் அட்மிக்ஸ்சர் என்று போடுகிறார். முன்னால் நிற்கும் அந்த ‘அட்’, ஒன்றோடு இன்னொன்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செயலைக் காட்டிக்கொடுக்கிறது. குற்றம் எங்கே என்பதை ஓர் அசை சொல்லிவிடுகிறது.

அந்த ஆணைக்கு விலக்குகள் உண்டு. தீக்குச்சியின் முனைக்கு அந்தக் கலவை செல்லும். பொம்மைத் துப்பாக்கியில் நாம் சுட்ட பொட்டுவெடிக்கும் செல்லும். பொட்டுவெடிக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் அமோர்ஸ்! பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதன் வேர் லத்தீனில் ‘கடிப்பது’. அதே வேரிலிருந்து வாய்க்கு ஒரு கடி அளவான மோர்சல் வருகிறது. செய்த தப்பு திரும்பத் திரும்பக் கடிக்கும் ரிமோர்ஸ் வருகிறது. நூலில் சாயம் கடித்துப் பிடிக்கச் சேர்க்கும் படிகாரம் போன்ற பொருளுக்கு மோர்டன்ட் என்ற பெயரும் வருகிறது. அருப்புக்கோட்டைச் சாயத்தொட்டியும் சிவகாசிப் பொட்டுவெடியும் ஒரே பல்வரிசையில் வந்து நிற்கும் என்று யார் நினைத்தார்கள்?

குளோரேட்டையும் சும்மா விடக் கூடாது. குளோரைடு சாப்பாட்டு உப்பு. குளோரேட், கந்தகத்தோடு சேர்க்கத் தடைசெய்யப்பட்ட சரக்கு. ‘ஐடு’ போய் ‘ஏட்’ வந்தால் ஆக்சிஜன் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். வேதியியல் ஆங்கிலத்தில் சொல்லின் வாலைப் படிக்காமல் தலையை மட்டும் படிப்பவரை மருந்து அறைக்குள் விடக் கூடாது.

பச்சை உப்பு என்று தொழிலில் சொல்லும் பேரியம் நைட்ரேட், வாணத்துக்குப் பச்சை நிறம் தருவது. பேரிய உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை போட்டபோது அந்தப் பெயர் ஊர் முழுக்க அடிபட்டது. ‘பேரிஸ்’ என்றால் கிரேக்கத்தில் கனமானது. காற்றின் கனத்தை அளக்கும் பாரோமீட்டர், வரைபடத்தில் ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைக்கும் ஐசோபார், உடற்பருமனுக்குச் செய்யும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை எல்லாம் இதன் பங்காளிகள். பாட்டுக் கச்சேரியின் பாரிடோன் குரலும்கூட.

இப்படி வேர் தோண்டுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வேர் சொல்லின் சுவையைத் தரும். பொருளை முழுதாகத் தராது. ‘உள்ளே சுமப்பது’ என்று மட்டும் தெரிந்தவர் இன்ஃபர் வரும் வாக்கியத்தைத் தப்பாகத்தான் படிப்பார். வாக்கியத்தில் அந்தச் சொல் என்ன வேலை பார்க்கிறது என்று பார்த்த பிறகுதான் வேருக்குப் போக வேண்டும். வேர் வழியாக ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கும் நார்மன் லூயிஸின் 1949-ஆம் ஆண்டுப் புத்தகத்தை நம் ஊரில் பலர் பாதியில் மூடிவைப்பதற்குக் காரணம், வேரைப் படித்த கையோடு ஒரு கட்டுரையையும் படிக்காததுதான் என்பது என் எண்ணம்.

சிவகாசிக் கல்லூரிகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேதியியல் துறையிலிருந்து ஒருவரை அழைத்துக்கொண்டு, 1992 ஆணையை ஒரு வகுப்பு முழுக்கப் படித்துக் காட்டுங்கள். பிள்ளைகளுக்குப் பொருள் முன்பே தெரியும்; சொல்தான் புதிது. காக்ஸ்ஹெட்டின் பட்டியல் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அகரவரிசையில் மட்டும் அதைத் தொடங்கிவிடாதீர்கள்.