மாய விளக்கும் தோட்டப் பள்ளியும்

கல்விக் கருவி ஒன்றை மதிப்பிடப் புகுவோர் அதன் புதுமையை வியப்பதோடு அமைந்துவிடுதல் இயல்பு. அக்கருவி யாருக்கு, எம்மொழியில், எதனைக் காட்டியது என்னும் வினாவே மதிப்பீட்டுக்கு அடிப்படையாதல் வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் கல்வி பரப்பும் பொருட்டுக் கையாளப்பட்ட மாய விளக்குச் சொற்பொழிவுகளை இவ்வினாக் கொண்டு ஆராயுமிடத்து, பதுளையைச் சார்ந்த ஸ்பிரிங்வெளி போன்ற தேயிலைத் தோட்டங்களின் பள்ளிகள் தக்க உரைகல்லாக அமைகின்றன.

‘மாஜிக் லாந்தர்’ என்று வழங்கிய மாய விளக்கு, ஒல்லாந்து அறிஞர் ஹைகன்ஸ் வாழ்ந்த 17ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிய கருவியாகும். ஒரு பெட்டி; உள்ளே விளக்கு; முன்னே வில்லைகள்; இடையே கண்ணாடித் தகட்டிற் பதிந்த படம். பிரித்தானியாவில் வழங்கிய தகடு மூன்றேகால் அங்குலச் சதுரம். உள்ளங்கையில் அடங்கும் அத்தகடு, இருட்டறையில் வெண்டுணியின்மேல் ஆளுயரத்துக்கும் மேலாக விரியும். மண்ணெண்ணெய் விளக்கைக் கொண்டும் இயக்கலாமாதலின், மின்சாரம் எட்டாத ஊர்களுக்கும் இதனை எடுத்துச் செல்ல முடிந்தது. ஆயினும் அசையாத அப்படம் தானே பேசாது. அருகே நின்று பொருள் உரைப்போன் ஒருவன் வேண்டும். எனவே இக்கருவியின் பயன் ஒளியிற் பாதியும் உரையிற் பாதியுமாக நின்றது.

இதனை ஆட்சியின் கல்விக் கருவியாக்கும் முயற்சி 1902ஆம் ஆண்டில் உருப்பெற்றது. கல்வியறிஞர் மைக்கேல் சட்லரின் கருத்தை ஏற்று, ஜோசப் சேம்பர்லேன் அமைச்சராயிருந்த குடியேற்ற நாட்டு அலுவலகம் காட்சிவழிப் போதனைக் குழு ஒன்றை நிறுவியது. அதன் சொற்பொழிவுகளை அமைக்கும் பொறுப்பு புவியியலறிஞர் ஹல்போட் மக்கிண்டரைச் சார்ந்தது. அவர் முதலில் அமைத்த தொடர், இலங்கை, மலாக்கா நீரிணைக் குடியேற்றங்கள், ஹொங்கொங் ஆகியவற்றின் மாணவருக்காகப் பிரித்தானியாவைப் பற்றி எழுதப்பட்ட ஏழு சொற்பொழிவுகளாகும். கிழக்கிலிருந்து இலண்டனை நோக்கிச் செல்லும் பயணத்தோடு அது தொடங்கியது.

இம்முயற்சியின் நன்மையை மறைத்தல் நடுவுநிலை ஆகாது. முனைகளின் பெயர்களையும் ஆறுகளின் பெயர்களையும் பொருளறியாது நெட்டுருச் செய்வதே புவியியல் என்றிருந்த காலத்தில், நிலத்தைக் கண்ணாற் கண்டு அதன் அமைப்பை உய்த்துணரவேண்டும் என்று வற்புறுத்தியவர் மக்கிண்டர். பெயர்ப்பட்டியலினும் காட்சி மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. குறை காட்சியில் இல்லை. அது நோக்கிய திசையிலேதான் உள்ளது.

அத்திசையை அறிய 1907ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகளை ஒருங்குவைத்து நோக்குதல் தகும். அவ்வாண்டில் ஹியூ ஃபிஷர் என்னும் ஓவியர் ஒளிப்படக் கருவியோடு இக்குழுவினால் அனுப்பப்பட்டார். 1910 வரை இலங்கை, இந்தியா, பர்மா முதலிய நாடுகளிற் படம்பிடித்தல் அவர் பணி. ஒவ்வொரு நாட்டுக்கும் மக்களுக்கும் உரிய இயற்கைப் பண்புகளையும், பிரித்தானிய ஆட்சியால் அவற்றின்மேல் வந்து சேர்ந்த பண்புகளையும் படமாக்குமாறு மக்கிண்டர் அவருக்கு அறிவுறுத்தியிருந்தார். அதே ஆண்டில் இலங்கையில் நாட்டுப்புறப் பள்ளிகளுக்கான 8ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி அளிக்கும் பொறுப்பை அச்சட்டம் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது.

ஒருபுறம், இந்நாட்டைப் படமாக்கி இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குக் காட்டும் முயற்சி. மறுபுறம், இந்நாட்டு மலைகளிற் பிறந்த பிள்ளைகளுக்கு நான்கு எழுத்தேனும் கற்பிக்க எழுந்த சட்டம். இரண்டும் ஒரே ஆட்சியின் செயல்கள். ஆயினும் ஒன்றோடொன்று உறவுகொள்ளவில்லை. குழுவின் சொற்பொழிவுகள் ஆங்கிலத்தில் எழுந்தவை. ஆங்கிலம் கற்பித்த நகரப் பள்ளிகளுக்கே அவை பயன்படத்தக்கவை. தோட்டப் பள்ளியோ சட்டப்படி தமிழ்ப் பள்ளி. கொழும்பு மாணவன் இலண்டனைக் கண்டான். இலண்டன் மாணவன் இலங்கையைக் கண்டான். தோட்டத்துப் பிள்ளை படத்திற் காணப்படும் பொருளாகலாம். படத்தைக் காண்போனாக எண்ணப்படவில்லை.

ஸ்பிரிங்வெளியின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போமாக. நமுனுகுல மலையின் சாரலில், முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் விளைந்த நிலம் அது. 1894இல் பண்டாரவளையை எட்டிய புகையிரதப் பாதை, பதுளையை அடைந்தது 1924ஆம் ஆண்டிலேயாம். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளும் பதுளைக்குச் செல்வன யாவும் வண்டிப் பாதை வழியே சென்றன. விடியுமுன் பெரட்டுக் களத்துக்குச் செல்லும் தாயும் தந்தையும், லயத்து அறையில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அக்காளும், கொழுந்துக் கூடையும், கங்காணியின் கடன் கணக்கும் அப்பிள்ளையின் உலகம். கிழக்கிலிருந்து இலண்டனுக்குச் செல்லும் பயணம் அவனுக்குக் கதை. அவனுடைய பாட்டன் தமிழகத்துச் சிற்றூரிலிருந்து கடல் கடந்து, மன்னார் தொடங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்த பயணமே அவனுக்கு வரலாறு. வழியில் மடிந்தோர் பலர். அந்நடைபயணத்தைக் காட்டக் கண்ணாடித் தகடு எதுவும் ஆயத்தமாகவில்லை.

மாய விளக்கு தோட்ட மக்களை உண்மையாகவே நாடிவந்தது வேறொரு வழியாலாகும். ரொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு 1916இல் இலங்கைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. மருந்தோடு விளக்குப் படங்களும் விரிவுரைகளும் அதிற் கையாளப்பட்டன. மண்ணிலுள்ள புழுக்குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுவதும், சிறுகுடலிற் பற்றி இரத்தத்தை உறிஞ்சுவதும், அதனால் உடல் வெளிறிச் சோர்வதும் படத்தாற் காட்டத்தக்க செய்திகள். இலண்டன் பாலத்தினும் இது பயனுடைய பாடம் என்பது வெளிப்படை. காண்போனின் காலைப் பற்றியே அது பேசிற்று.

எனினும் இங்கும் ஒரு குறை நேர்ந்தது. மண்ணை அசுத்தப்படுத்தாதே என்று படம் அறிவுறுத்தியது. ஆனால் பல தோட்டங்களின் லயங்களுக்கு மலகூடங்களே இருக்கவில்லை. அவற்றைக் கட்டும் செலவை ஏற்கத் தோட்ட நிருவாகங்கள் தயங்கின. மருந்துண்டு தேறியவன் அதே மண்ணில் நடந்து மீண்டும் நோயுற்றான். அறிவைத் தொழிலாளிக்கு வழங்கி, அவ்வறிவைச் செயற்படுத்தும் வகையைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர் அதிகாரமுடையோர். இத்தகைய கல்வி, கற்றவனைக் குற்றவாளியாக்கி, கற்பித்தவனைப் பொறுப்பினின்று விடுவிக்கும் இயல்பினது. அப்படத்தைத் தொழிலாளிக்குக் காட்டுமுன் துரைமாருக்கன்றோ காட்டியிருத்தல் வேண்டும்?

இவ்விரு குறைகளையும் கொண்டு கருவியையே வெறுத்தல் பேதைமை. இரவில் விளக்கொளியிற் கூடியிருந்து கண்டும் கேட்டும் கற்றல் நம் மக்களுக்குப் புதிதன்று. மாசி மாதத்தில் தோட்டந்தோறும் நிகழும் காமன் கூத்தில், தப்பொலிக்கு நடுவே மன்மதன் எரிந்த கதையைப் படியாத பெரியோரும் பள்ளி செல்லாத சிறுவரும் ஒருங்கே அறிந்தனர். அங்கே காண்போர் அயலாரல்லர். ஆடுவோனும் அவர்களில் ஒருவனே. இடையிட்டு வினவவும் நகைக்கவும் திருத்தவும் அவர்களுக்கு உரிமையிருந்தது.

பிறர் கருவியைத் தமதாக்கிக்கொள்ளும் வழியையும் ஆறுமுக நாவலர் காட்டிச் சென்றுள்ளார். பாதிரிமாரின் போதனைமுறையை நன்கறிந்த அவர், 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆந் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார். பள்ளியும் அச்சுக்கூடமும் அதனைத் தொடர்ந்தன. முறை பிறருடையது, மொழியும் பொருளும் கேட்போருடையவை. மாய விளக்கைத் தோட்டப் பள்ளிக்குள் அவ்வாறு கொணரும் தோட்ட ஆசிரியர் ஒருவருக்கு அக்காலத்தில் வாய்ப்பும் பொருளும் அளிக்கப்பட்டிருப்பின், பாட்டன் நடந்த வழியும், லயத்தின் அமைப்பும், தேயிலை கொழுந்திலிருந்து கோப்பைக்குச் செல்லும் பாதையும், அதில் ஈட்டப்படும் பணம் யார் யாரைச் சேர்கிறது என்பதும் திரையில் ஒளிர்ந்திருக்கலாம். அது நிகழாதது தற்செயலன்று. தன்னிலையைக் கண்ணாரக் கண்ட பிள்ளை, காரணத்தையும் வினவத் தொடங்கும்.

காட்சிவழிப் போதனைக் குழு 1945இல் முடிவுற்றது. தோட்டப் பள்ளிகள் 1970களில் அரசின் பொறுப்பில் வந்தன. மாய விளக்கிருந்த இடத்தில் இன்று பல்லூடக எறிகருவியும் திறன்பலகையும் நிற்கின்றன. கருவி மாறினும் வினா மாறவில்லை. மலைநாட்டுப் பள்ளியொன்றின் சுவரில் ஒளி விழும்போது, அங்கே தோன்றும் உலகத்தில் அப்பள்ளிப் பிள்ளைக்கு இடமுண்டா, அவனுடைய மொழியில் அது பேசுகிறதா, அவன் கையுயர்த்தி வினவினால் விடை சொல்ல ஒருவர் அருகே நிற்கின்றாரா என்பனவற்றைக் கொண்டே அவ்வொளியைக் கல்வி எனலாமா என்று துணிதல் வேண்டும். இம்மூன்றும் இல்லாவிடத்து, அது வெறும் வேடிக்கையாய் முடியும்.