பையன் ரூமில் கம்ப்யூட்டர்

உங்கள் வீட்டுக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது அதை எந்த ரூமில் வைத்தீர்கள்? சும்மா யோசித்துச் சொல்லுங்கள்.

கேள்வியைக் கிளப்பியது ஒரு புத்தகம். ‘அன்லாக்கிங் தி க்ளப்ஹவுஸ்’. ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் எழுதி 2002-ல் வந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை உட்காரவைத்துப் பேட்டி எடுத்திருக்கிறார்கள். அங்கே பல வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தது பையன் ரூமில்தானாம். அவன் கழற்றி மாட்டி விளையாட, அக்காவோ தங்கையோ வாசலில் நின்று வேடிக்கை!

விளைவு ஹைஸ்கூலில் தெரிகிறது. புரோகிராமிங் வகுப்பில் பையன்கள் ஏற்கெனவே பாதி தெரிந்தவர்கள் போலப் பேசிக்கொள்கிறார்கள். நடுவில் ஒரு பெண். மார்க் நன்றாகவே வாங்குகிறாள். ஆனாலும் ‘நமக்கு இது வராதோ’ என்று சந்தேகம். அது முற்றி, ஒருநாள் ‘எனக்கு இன்ட்ரஸ்ட் இல்லை’ என்று விலகிவிடுகிறாள். முதலில் போனது தன்னம்பிக்கை, ஆர்வம் அதன் பின்னாலேயே போனது என்கிறார்கள் ஆசிரியர்கள். புத்தகத்தின் உயிர்நாடி இதுதான்.

நான் பி.காம். ஆசாமி. எனக்குக் கணக்கு டேலி ஆகவேண்டும். ஆகிறது! அங்கே கம்ப்யூட்டர் சயன்ஸில் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் 1995-ல் 7 சதவிகிதம், 2000-ல் 42. மந்திரம் எதுவும் இல்லை. புரோகிராம் எழுதிய முன்அனுபவத்துக்கு அட்மிஷனில் கொடுத்த முக்கியத்துவத்தைக் குறைத்தார்கள். அனுபவம் இல்லாதவர்களுக்கு ஆரம்பப் பாடத்தைத் தனியாக வைத்தார்கள். ஹைஸ்கூல் ஆசிரியர்களைக் கோடையில் கூப்பிட்டு, சி பிளஸ் பிளஸோடு பெண்களை வகுப்பில் தக்கவைப்பது எப்படி என்றும் பாடம் எடுத்தார்கள்.

குறை இல்லாமலா? பேட்டி கொடுத்தவர்கள் ஹைஸ்கூலைத் தாண்டி வந்த கெட்டிக்காரிகள். பதினைந்து வயதிலேயே கழன்றுகொண்டவளின் குரல் இதில் இல்லை. வகுப்பே இல்லாத ஏழைப் பள்ளிக்கூடமும் இல்லை. மார்கோலிஸுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸின் மூன்று அரசுப் பள்ளிகளுக்குப் போய், 2008-ல் ‘ஸ்டக் இன் தி ஷாலோ எண்ட்’ என்று இன்னொரு புத்தகம் எழுதினார். மெஷின் இருந்தும் டைப்பிங்கைத் தாண்டாத வகுப்புகளை அதில் பார்க்கலாம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுசாகும்.

இன்று கம்ப்யூட்டர் ரூமைவிட்டுப் பாக்கெட்டுக்கே வந்துவிட்டது. ஆனாலும் ‘இன்ட்ரஸ்ட் இல்லைப்பா’ என்று மகள் சொன்னதும் தலையாட்டிவிடும் அப்பாக்கள் அப்படியேதான் இருக்கிறோம். ஆமாம், நானும் தலையாட்டியவன்தான்.

அடுத்தமுறை உங்கள் பெண் அப்படிச் சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எப்போலேர்ந்தும்மா?”