திரும்பி வராத மான்: சீறாவின் ஒரு படலத்தை மீண்டும் வாசித்தல்

சென்ற தவணையில் தரம் பத்து வகுப்பில் சீறாப்புராணத்து மானின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மான் திரும்பி வருகிற இடத்துக்கு வந்தபோது கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், அது ஸஹீஹான ஹதீஸ் இல்லையாமே. எங்கட சாச்சா சொன்னார். அப்ப நாம ஏன் அதப் படிக்கணும்?"

வகுப்பு முழுக்க என் முகத்தைப் பார்த்தது. "இது இலக்கியம் பிள்ளை, ஹதீஸ் பாடம் வேற" என்று சொல்லி மணி அடிக்கும்வரை ஓட்டியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்தக் கதை வெறும் இலக்கியமாக ஒருநாளும் இருந்ததில்லை. "நாளைக்குச் சொல்றன்" என்றேன். அந்த நாளையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேடன் ஒருவன் ஒரு பெண்மானைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறான். அதன் கன்று எங்கோ பசியோடு கிடக்கிறது. கன்றுக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று மான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிடுகிறது. அவர்கள் மானுக்காக வேடனிடம் பிணை நிற்கிறார்கள். மான் போய்க் கன்றோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறி இஸ்லாத்தைத் தழுவுகிறான். உமறுப்புலவர் இதை நுபுவ்வத்துக் காண்டத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்று தனிப் படலமாகவே பாடியிருக்கிறார்.

எனக்கு இது உம்மும்மாவின் வாயால் வந்தது. அவவுக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. சீறா படிக்கக் கேட்டுக் கேட்டே மனதில் வாங்கியவ. அவ சொல்லும்போது நான் அந்தக் கன்று. உம்மா கடைக்குப் போய்ச் சுணங்கினால், "மான் வந்திருமா உம்மும்மா?" என்றுதான் கேட்பேனாம். அந்த வயதில் கதையின் பொருள் அவ்வளவுதான்: போன தாய் வந்துவிடுவாள்.

பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தபோது இந்தப் படலத்தின் வேறொரு வாசல் திறந்தது. 'பிணை' என்ற சொல்தான் அந்த வாசல். நீதிமன்றச் செய்திகளில் நாம் நாளாந்தம் படிக்கிற பிணை அது. பிணைத்தல் என்றால் கட்டுதல். தொல்காப்பிய மரபியலோ பிணை என்பதை மானினத்தின் பெண்பாற் பெயராகச் சொல்கிறது. கட்டுண்டதும் பிணை, கட்டவிழ்க்க நிற்பதும் பிணை, அந்தப் பெண்மானும் பிணை. புலவர் இதை எண்ணித்தான் பெயரிட்டாரா என்று எனக்கு அக்கறையில்லை. தமிழில் இந்தக் கதையைச் சொல்ல வந்தவருக்கு மொழியே இந்தச் சொல்லைக் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறது.

அறபு மூலங்களோடு வைத்துப் பார்த்தால் உமறு செய்தது இன்னும் தெளிவாகும். இமாம் பைஹகீயின் 'தலாஇலுன் நுபுவ்வா'வில் வருகிற அறிவிப்பு மிகச் சுருக்கமானது. கட்டப்பட்டிருந்த மான் வேண்டுகிறது, வாக்குக் கொடுக்கிறது, பாலூட்டிவிட்டு வருகிறது. நபியவர்கள் அதை உரியவர்களிடம் கேட்டுப் பெற்று விடுவிக்கிறார்கள். மான் கொடுத்த வாக்குத்தான் அங்கே முதன்மை. உமறு ஒரு வேடனை நேரே எதிரில் நிறுத்துகிறார். காட்டுக்குள் போன மிருகம் தானாகத் திரும்பி வருமா என்று கேட்கக்கூடியவன் அவன், நம்மைப் போன்றவன். அவன் முன்னால்தான் பிணை நிற்க வேண்டியிருக்கிறது. ஓர் அற்புதச் செய்தி, மூன்று பேருக்கிடையிலான நம்பிக்கையின் கதையாக மாறியது அந்த இடத்தில்தான்.

நம்முடைய விமர்சனம் இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. பேராசிரியர் ம. மு. உவைஸ் போன்றோர் நமது இலக்கியச் செல்வத்தைத் தேடித் தொகுத்து, அது உண்டு என்று நிலைநாட்டினார்கள். அது பெரிய பணி. அதன் பிறகு வந்த நாங்கள் 5027 பாடல், மூன்று காண்டம், இத்தனை அறபுச் சொற்கள் என்று எண்ணிக்கொண்டே இருந்துவிட்டோம். இந்தப் பாடல்கள் கேட்டவர்களின் வாழ்க்கைக்குள் போய் என்ன செய்தன என்று கேட்கவில்லை.

என் வாழ்க்கைக்குள் இந்தக் கதை செய்த முதல் வேலை, என்னை ஏமாற்றியது.

எனக்குப் பதினான்கு வயது. வாப்பா அரசாங்க உத்தியோகத்தர். கூட வேலை செய்த ஒருவர் எடுத்த கடனுக்கு வாப்பா பிணை நின்றார். அந்த மனிதர் வெளிநாடு போனார், பிறகு வரவேயில்லை. மாதாமாதம் வாப்பாவின் சம்பளத்தில் வெட்டினார்கள். உம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. ஒருநாள் ஆற்றாமையில் கேட்டுவிட்டேன்: "மான் வரல்லியே வாப்பா?"

வாப்பா சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. "வருமெண்டு முதலே தெரிஞ்சா, பிணை எதுக்கு மகள்?" என்றார்.

அது அன்று எனக்கு விளங்கவில்லை. தோற்றுப்போனவர் சொல்லும் சமாதானமாகத்தான் பட்டது. சீறாவின் மேலும் கோபம் வந்தது. அந்தக் கோபம் முழுக்கப் பிழையுமில்லை. படலத்தின் குறை அதுதான் என்று இன்றும் சொல்வேன். மான் வந்துவிடுகிறது, வேடன் உடனே திருந்திவிடுகிறான், யாருக்கும் ஒரு நட்டமுமில்லை. காப்பியத்துக்கு அந்த முடிவு வேண்டும். ஆனால் பிணை நின்று நட்டப்பட்டவனுக்கு அதற்குள் இடமில்லை.

பிறகு நானே மானானேன். தூரத்துப் பாடசாலை ஒன்றில் நியமனம். பிரசவ லீவு முடிந்து போகும்போது கைக்குழந்தையைப் பாடசாலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் விட்டிருந்தேன். மூன்றாம் பாடவேளையில் மார்பு கனத்து உடுப்பு நனையும். போய்வர அனுமதி கேட்டால், "போனா எப்ப வருவீங்க?" என்ற கேள்வி. பக்கத்து வகுப்பு மூத்த ஆசிரியை ஒருவர் எழுந்து, "அவ வருவா சேர். அதுவரைக்கும் அவட வகுப்புக்கு நான் பொறுப்பு" என்றார். ஓடிப்போய்ப் பாலூட்டிவிட்டு ஓடி வந்தேன். எனக்காக ஒருவர் சொல் கொடுத்து நிற்கிறார் என்ற நினைப்புத்தான் கால்களை இழுத்து வந்தது. மான் ஏன் திரும்பி வந்தது என்பதற்கு அதைவிட வேறு உரை எனக்குத் தேவைப்படவில்லை.

இனி அந்த மாணவியின் கேள்வி. அவளுடைய சாச்சா சொன்னதில் பொய்யில்லை. மான் பேசிய செய்திக்கு அடிப்படையில்லை, அதை நபியவர்களோடு சேர்ப்பவர் பொய்யுரைத்தவர் என்று இமாம் இப்னு கஸீர் கடுமையாகச் சொன்னதை இமாம் ஸகாவீ எடுத்துக் காட்டுகிறார். அதே ஸகாவீ, இப்படியான செய்திகள் பல வழிகளில் வந்து ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்றும் அதனோடு சேர்த்துச் சொல்கிறார். அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள விடயம் இது. அதைப் பிள்ளைகளுக்கு மறைக்கக்கூடாது. நபியவர்கள் பேரில் சொல்லாததைச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சம் நமது மரபின் பெரிய ஒழுக்கம். கேட்ட பிள்ளையை வாய்மூடச் செய்வது அந்த ஒழுக்கத்துக்கே துரோகம்.

அதே நேரம், "ஸஹீஹ் இல்லை" என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு செய்தி நடந்ததா என்பது ஒரு கேள்வி. 17ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழ்ப் புலவர் தன் நபியை எப்படிப்பட்டவராக மனதில் கண்டார் என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு விடை சொல்ல வேண்டியது அறிவிப்பாளர் வரிசை. இரண்டாவதற்குப் படலமே சாட்சி. உமறு கண்டது ஆதாரமில்லாத கற்பனையுமல்ல. குஞ்சுகளை இழந்து சிறகடித்துத் தவித்த பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நபியைத்தான் அபூதாவூதில் பார்க்கிறோம். அந்த நபியைத்தான் உமறு காட்டுக்குள் கூட்டிப் போனார்.

மறுநாள் வகுப்பில் இவ்வளவையும் சொன்னேன். பிறகு புகாரியில் வருகிற ஒரு சம்பவத்தையும் சொன்னேன். ஒரு ஜனாஸா கொண்டுவரப்படுகிறது. இறந்தவருக்குக் கடன் இருக்கிறது, அடைக்க எதுவும் விட்டுச் செல்லவில்லை. நபியவர்கள் தாம் தொழுவிக்காமல், தோழர்களிடம் தொழச் சொல்கிறார்கள். அப்போது அபூ கதாதா (றழி) எழுந்து, அந்தக் கடன் என் பொறுப்பு என்கிறார். அதன் பிறகே நபியவர்கள் தொழுவிக்கிறார்கள்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் தடுமாறியது. எத்தனையோ தடவை படித்த சம்பவம்தான். ஆனால் அன்றைக்குத்தான் பிடிபட்டது: அபூ கதாதா பிணை நின்றது திரும்பி வரவே முடியாத ஒருவருக்கு. சீறாவின் படலத்தில் வாப்பாவுக்கு இடமில்லை என்று இத்தனை வருடம் குறைப்பட்டேன். அவருடைய இடம் ஸஹீஹான கிரந்தத்திலேயே இருந்திருக்கிறது. ஆனால் உம்மும்மாவின் மான் சிறுவயதில் எனக்குள் வந்து படுத்திருக்காவிட்டால், அந்த இடத்தை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

மாணவி எழுந்தாள். "அப்ப டீச்சர், மான் கதை உண்மையா பொய்யா?"

"அது நடந்ததெண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன் பிள்ளை," என்றேன். "வேடன் கேட்ட கேள்விய மட்டும் கொப்பியில எழுதுங்க. உங்களிட்ட யாராவது வந்து பிணை கேட்டா என்ன செய்வீங்கெண்டு அதுக்குக் கீழ எழுதி வாங்க."

அவள் எழுதி வந்தது அரைப் பக்கம். அதை இங்கே தர எனக்கு உரிமையில்லை. வாப்பா இருந்திருந்தால் அவரிடம் வாசித்துக் காட்டியிருப்பேன்.